பனிக்கு யார் சான்றிதழ் தருவது?

2024-ஆம் ஆண்டு டிசம்பரில் நான் காஷ்மீரம் போய் வந்தேன் என்றதும் நம் சங்கத்து அன்பர்கள் கேட்ட முதற்கேள்வி, "பனியில் விளையாடினாயா?" என்பதே. இல்லை என்றேன். ஒருவரும் நம்பவில்லை. கும்பகோணத்துக்குப் போய்க் கோயில் ஒன்றையும் பார்க்காமல் திரும்பியவன் என்று ஓர் அண்ணன் கேலி செய்தார். 1961-இல் ஸ்ரீதர் 'தேன் நிலவு' படத்தைக் காஷ்மீரத்தில் எடுத்த நாளிலிருந்து, அந்த மண் பாட்டுக் காட்சிக்கென்றே படைக்கப்பட்டது என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். நானும் அப்படி எண்ணித்தான் ரயில் ஏறினேன், மறைப்பானேன்?

உண்மை இதுதான். நான் அங்கே இருந்தது டிசம்பர் 19 முதல் 26 வரை. பனி விழுந்தது 27-ஆம் தேதி மாலை. ஒரு நாள் பொறுத்திருந்தால் பனியைக் கண்டிருப்பேன். ஒரு நாள் பொறுத்திருந்தால் என் படிப்பிலும் ஓராண்டு பின்தங்கியிருப்பேன். நான் தப்பினேன், என் நண்பர் தப்பவில்லை. அந்த ஒரு நாளைப் பற்றி நம் பல்கலைக் கழகம் என்ன செய்தது, என்ன செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நண்பர் என் அறைத்தோழர். பௌதிக எம்.எஸ்ஸி. வகுப்பில் என்னோடு ஒரே சோதனை மேசையில் நிற்பவர். ஊர், ஷோபியான் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். தந்தையார் ஆப்பிள் பயிரிடுபவர். எழுத்துத் தேர்வுகள் டிசம்பர் 18-இல் முடிந்தன. செய்முறைத் தேர்வு 30-இல். நடுவே பதினொரு நாள் ஓய்வு. "வா, எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்" என்றார். இங்கிருந்து திண்டிவனத்துக்குப் போய்த் திரும்பவே எனக்கு நாலு நாள் வண்டியில் கழிந்துவிடும். ஆகையால் அவரோடு கிளம்பினேன்.

போகும் வழியில் எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்று. ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. நம் உதகமண்டலமோ 2,200 மீட்டருக்கு மேல். உயரத்தில் நம் ஊர்தான் பெரியது! ஆனால் உதகை பூமத்திய ரேகையிலிருந்து 11 பாகை தள்ளி இருக்கிறது; ஸ்ரீநகர் 34 பாகை தள்ளி. உதகையில் விடியற்காலையில் புல்லின் மேல் உப்புத் தூவியதுபோல் உறைபனி படியும்; ஒன்பது மணி வெயிலில் மறைந்துவிடும். அதைப் படம் எடுத்துச் செய்தித்தாளில் போடுவோம். நமக்கும் பனிக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

மொழியைப் பாருங்கள். மார்கழி விடியலில் தலையில் விழுவதும் பனி, இமயத்தில் இடுப்பளவு கிடப்பதும் பனி. நண்பரின் தாயார் காஷ்மீரியில் என்னிடம் ஏதோ கேட்டார். நண்பர் மொழிபெயர்த்தார்: "உங்கள் ஊரில் பனி எந்த மாதம் விழும் என்று அம்மா கேட்கிறார்." மார்கழி, தை இரண்டு மாதமும் விழும் என்றேன். "விழுந்தால் என்ன செய்வீர்கள்?" "தலையில் ஒரு துண்டு கட்டிக்கொள்வோம்." அம்மையார் சிரித்துவிட்டார். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வது நினைவுக்கு வந்தது. நமக்கு அது பழமொழி. அந்த வீட்டில் கூரையின் தகரம் செங்குத்தாகச் சரிந்திருப்பதே, பனி தங்கினால் மச்சு உண்மையாகவே உட்கார்ந்துவிடும் என்பதற்காகத்தான்.

அந்த வீட்டின் ஏற்பாடுகளைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நான் பனியைக் காணாவிட்டாலும், பனிக்காகக் காத்திருக்கும் வீட்டைக் கண்டேன். அதுவே எனக்குப் பெரிய பாடமாயிற்று.

அடுக்களைப் பரணில் வற்றல் கோத்துத் தொங்கியது. ஆம், நம் வற்றல்தான்! சுரைக்காய் வற்றல், கத்தரிக்காய் வற்றல், தக்காளி வற்றல். கோடைகாலத்தில் நறுக்கிக் கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்து, வழி அடைபட்டு காய்கறி வராத நாளுக்கென்று வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கத்தரி வற்றலை வத்தக்குழம்பில் போடுவோம் என்றேன். அதற்குப் பின் அந்த வீட்டில் எனக்கு மரியாதை கூடிற்று. ஒரு மூலையில் கரி மூட்டைகள். வீட்டில் ஆளுக்கொரு காங்ரி. மண் சட்டியைச் சுற்றிப் பிரம்பு போன்ற மிலாறுகளால் பின்னிய கூடை, உள்ளே தணல். அதை ஃபேரன் என்னும் தொளதொளத்த நீண்ட அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்காருகிறார்கள், நடக்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள். நான் முதல் நாள் அதைத் தூக்கியபோது, வெடிகுண்டு தூக்குகிறவனைப்போல் இருந்தேன் என்று நண்பரின் தங்கை இன்றும் சொல்லிச் சிரிக்கிறாளாம்.

டிசம்பர் 21 முதல் நாற்பது நாளுக்குச் 'சில்லை கலான்' என்று பெயர். அதன்பின் இருபது நாள் 'சில்லை குர்த்'. பிறகு பத்து நாள் 'சில்லை பச்சா', அதாவது குட்டிச் சில்லை. நமக்குக் கத்திரி வெயில் எப்படியோ அப்படி அவர்களுக்கு இந்தக் கணக்கு. பாட்டன் காலத்துப் பஞ்சாங்கம். நான் அங்கிருந்த முதல் சில்லை இரவிலேயே ஸ்ரீநகரில் உஷ்ணநிலை பூச்சியத்துக்குக் கீழே 8.5 டிகிரி. டிசம்பர் மாதத்தில் அப்படிப்பட்ட குளிர் ஐம்பது ஆண்டுகளாக வந்ததில்லை என்றார்கள். காலையில் குழாய் பேசவில்லை. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருக்கும் என்று புத்தகத்தில் படித்தவன் நான். பருத்து, குழாயைப் பிளந்து, நண்பகல் வெயிலில் கொல்லைப்புறமெங்கும் அது பீச்சியடித்ததை அன்றுதான் பார்த்தேன். விவரம் அறிந்தவர்கள் இரவில் குழாயைச் சொட்டுச் சொட்டாக ஒழுக விட்டுவிடுகிறார்கள்; ஓடும் நீர் எளிதில் உறைவதில்லை.

ஆனால் கவனியுங்கள்: கடுங்குளிர் இருந்தது, பனி இல்லை. வானம் துடைத்த பலகை போல் இருந்தது. ஊர் மசூதியை ஒட்டி ஹமாம் என்று ஓர் அறை உண்டு. கல் தளத்துக்கு அடியில் விறகு எரியும், மேலே பெரியவர்கள் சூட்டில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊர் டீக்கடைப் பெஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நாள்தோறும் ஒரே பேச்சு: வருமா, வராதா? ஒருவர் நாளையே வரும் என்பார். ஒருவர், 2024 ஜனவரி போல இம்முறையும் ஏமாற்றிவிடும் என்பார். அந்த ஜனவரியில், சில்லை கலான் நாற்பது நாளில் பெரும்பகுதி வறண்டே கழிந்தது. பனிச்சறுக்கு ஆட்டத்துக்குப் பேர்போன குல்மார்க் மாதக் கடைசிவரை மொட்டையாய்க் கிடந்தது. வந்தால் வழி அடைபடும். வராவிட்டால் கோடையில் ஊற்று வற்றும், ஆப்பிளுக்குத் தண்ணீர் இராது. ஆகவே வரவேண்டும் என்று வேண்டுவதும், இன்று வேண்டாம் என்று வேண்டுவதும் அந்த ஊரில் ஒரே வாயிலிருந்து வருகின்றன.

நாள் தவறி வந்த பனியின் கதையை நண்பரின் தந்தையார் தம் தோட்டத்தைச் சுற்றிக் காட்டியபோது சொன்னார். 2018 நவம்பர் 3. சில்லை கலானுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. மரங்களில் இலை உதிரவில்லை. கடைசி ரகப் பழங்கள் சிலவும் கிளையிலேயே இருந்தன. ஒரே இரவில் ஈரப்பனி கொட்டியது. காலையில் தோட்டத்துக்குப் போனால், நடுவகிடு எடுத்ததுபோல் மரங்கள் இரண்டாகப் பிளந்து கிடந்தனவாம். மறு ஆண்டும் நவம்பர் முதல் வாரத்திலேயே அப்படி ஒரு பனி விழுந்தது. கட்டுக்கம்பியும் ஆணியும் கொண்டு சேர்த்துக் கட்டிய மரங்களை எனக்குக் காட்டினார். மருத்துவமனையில் கட்டுப்போட்ட கை கால்களைப்போல் அவை வரிசையாக நின்றன.

அன்றிரவு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தளர்ந்த புதுப்பனி ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 100 கிலோ. ஈரப்பனியானால் 200 கிலோவும் அதற்கு மேலும் வரும். 30 செ.மீ. ஈரப்பனி என்றால் சதுர மீட்டருக்கு 60 கிலோ. 15 சதுர மீட்டர் குடை விரித்த மரத்தின் தலையில் 900 கிலோ. ஒரு சிறிய மோட்டார் வண்டியின் எடை. ஜனவரியில் இதே பனி விழுந்தால், இலையற்ற கிளைகளின் ஊடே பெரும்பகுதி தரைக்குப் போய்விடும். நவம்பரில் ஒவ்வோர் இலையும் ஒரு தட்டு. பனியின் அளவு அந்த மரங்களைக் கொல்லவில்லை. அது வந்த நாள்தான் கொன்றது. தந்தையார் இதை எந்தக் கணக்கும் இல்லாமல் அறிந்திருந்தார்.

இனி என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெருமை தருவதன்று.

இருவரும் 26-இல் ஒன்றாகக் கிளம்புவதாக ஏற்பாடு. ஆனால் தந்தையாரின் கண் சிகிச்சைக்கு மருத்துவர் 27-ஆம் தேதி கொடுத்தார். மூத்த மகன் உடன் போகாமல் எப்படி? நண்பர் 28-ஆம் தேதி காலை விமானத்துக்குச் சீட்டு வாங்கினார், அங்கிருந்து இங்கே இரண்டு மணி நேரம்கூட ஆகாது, தேர்வு 30-இல். ஹமாம் பெரியவர்களில் ஒருவர், மேகம் சரியில்லை, போவதானால் இன்றே போ என்றார். நான் என் கைப்பேசியை எடுத்து வானிலைப் படத்தைக் காட்டினேன். "இலேசான பனிதான் போட்டிருக்கிறது. கவலைப்படாமல் இருந்துவிட்டு வா" என்றேன். பௌதிகம் படிக்கிறவன் சொல்கிறான் என்று வீட்டாரும் நம்பினார்கள்.

நான் படித்த படிப்பைக் கொண்டே நான் யோசித்திருக்க வேண்டும். காஷ்மீரத்துக்குப் பனி கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து மேல்காற்றோடு கிழக்கே வரும் காற்றுச் சுழல்கள். ஆங்கிலத்தில் அவற்றுக்கு இட்ட பெயரைத் தமிழாக்கினால் 'மேற்கத்திய இடையூறுகள்' என்று வரும். (வட இந்தியக் கோதுமைக்கே குளிர்கால மழை கொடுப்பது அந்த 'இடையூறு'தான், பெயர் வைத்தவர் விவசாயி அல்லர்.) ஒரு சுழல் வருகிறது என்பதைச் சில நாள் முன்னதாகவே சொல்லிவிடலாம். அது எந்தச் சரிவில் எவ்வளவு கொட்டும் என்பதுதான் சிக்கல். அந்த நாளில் நம் வானிலைத் துறையின் உலகளாவிய கணிப்பு 12 கி.மீ. கட்டங்களாகப் பூமியைப் பிரித்துக் கணக்கிட்டது. 2025 மே மாதத்தில் அதை 6 கி.மீ. ஆக்கினார்கள், பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் மலையில் 12 கி.மீ.க்குள் ஆயிரம் மீட்டர் ஏறிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணநிலை ஆறு, ஏழு டிகிரி இறங்கும். ஒரே கட்டத்துக்குள் கீழே மழை, நடுவே ஈரப்பனி, மேலே உலர்பனி. என் கைப்பேசி காட்டிய 'இலேசான பனி' யாருடைய வீட்டுக் கூரைக்கு என்று நான் கேட்கவில்லை. பெரியவர் தம் கூரையைப் பற்றிப் பேசினார். நான் ஒரு கட்டத்தைப் பற்றிப் பேசினேன்.

26 காலையில் நான் பங்கு வண்டி ஒன்றில் ஜம்முவுக்கு இறங்கினேன். வெயில் அடித்தது. 27 மாலையில் தொடங்கிய பனி இரவெல்லாம் விழுந்தது. 28-இல் ஸ்ரீநகர் விமானங்கள் நின்றன. ஜம்மு நெடுஞ்சாலையும் அடைபட்டது. ஷோபியானிலிருந்து பூஞ்சு போகும் முகல் சாலையைப் பற்றிப் பேச்சே இல்லை. குளிர்காலத்தில் அது மூடிய கதவு. நண்பரின் ஊர்ச் சாலைக்குப் பனி தள்ளும் இயந்திரம் வர மேலும் இரண்டு நாள் ஆயிற்று; பெரிய சாலைகள் முடிந்த பிறகுதானே சிற்றூரின் முறை வரும்! மின்சாரம் போனதால் தொலைபேசியும் போயிற்று. அதே இரவில் கந்தர்பல் மாவட்டத்துக் குண்ட் என்னும் ஊரில், வழியில் சிக்கிக்கொண்ட பஞ்சாப் சுற்றுலாக்காரர்களை ஊரார் மசூதியைத் திறந்துவிட்டுத் தங்க வைத்தார்கள் என்ற செய்தியைத் தாளில் படித்தேன். நண்பரைப் பற்றிச் செய்தி இல்லை.

30-ஆம் தேதி எங்கள் மேசையில் நான் ஒருவனாக நின்றேன். வெளித் தேர்வாளர் ஒரே நாள்தான் வருவார். பெயர் அழைத்தார்கள், நான் எழுந்து, "வழி அடைபட்டிருக்கிறது, ஐயா" என்றேன். வரவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். நண்பர் 31 இரவு வந்து சேர்ந்தார். காலணி இரண்டும் ஈரம். மறுவேலைநாளில் அலுவலகத்துக்குப் போனோம். விதிப்புத்தகத்தை எங்கள் முன் புரட்டிக் காட்டினார்கள். செய்முறைத் தேர்வுக்கு வர முடியாமற்போனால் ஏற்கத்தக்க காரணங்கள் மூன்று: மருத்துவச் சான்றுடன் கூடிய நோய், நெருங்கிய உறவினர் மரணம், பல்கலைக் கழகத்தின் சார்பில் விளையாடப் போதல். நாலாவது ஒன்று இல்லை. ஆகவே அடுத்த டிசம்பரில்தான் எழுதலாம்.

அங்கிருந்த எழுத்தர் ஒருவர் நல்ல மனிதர். எங்களை வெளியே அழைத்து வந்து மெதுவாகச் சொன்னார்: "காய்ச்சல் என்று ஒரு சான்றிதழ் வாங்கி வாருங்கள், தம்பி. ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன்." நண்பர், "எனக்குக் காய்ச்சல் இல்லையே, சார்" என்றார். எழுத்தருக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. எனக்கும் அன்று சற்றுக் கோபமே வந்தது. நூறு ரூபாயில் முடியும் காரியத்துக்கு ஓராண்டைக் கொடுக்கிறானே என்று. நண்பர் விடுதிக்கு நடந்து வரும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "நான் பொய்யான காய்ச்சலைச் சொன்னால், அடுத்து எங்கள் மலையிலிருந்து வருகிறவனும் காய்ச்சல் என்றே சொல்ல வேண்டியிருக்கும்."

இனி நம் வீட்டைப் பார்ப்போம். அதே 2024-இல், நண்பரின் பனிக்கு நாலே வாரம் முன்பு, நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை; கரையிலேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 50 செ.மீ.க்குச் சற்றே குறைவான மழை. விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடு. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் நீர் ஏறி ரயில்கள் நின்றன. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். என் சித்தி மகள் கல்லூரித் தேர்வு எழுத வேண்டிய வாரம். என்ன நடந்தது? ஆட்சித்தலைவர் விடுமுறை அறிவித்தார், தேர்வைத் தள்ளிவைத்தார்கள், தண்ணீர் வடிந்தபின் எழுதினாள். யாரும் அவளைக் காய்ச்சல் சான்றிதழ் கேட்கவில்லை. மழை நாளில் ஆட்சித்தலைவரின் அறிவிப்புக்காகக் காலை ஐந்து மணிக்கே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? வானம் அடைத்த நாளில் பிள்ளை வரவில்லை என்றால் அது பிள்ளையின் குற்றமன்று என்பது நமக்குப் பாலர் பள்ளியிலேயே தெரியும். அந்த நியாயம் மலைநாட்டுப் பிள்ளைக்கு மட்டும் இல்லை என்றால், காரணம் ஒன்றுதான்: விதி எழுதியவர்கள் சமவெளியில் உட்கார்ந்து எழுதினார்கள். அவர்கள் வீட்டு வாசலில் பனி விழவில்லை.

மலைநாட்டார் தம் கையில் அட்டவணை இருந்தவரை பனியை முன்னிட்டே அதை வகுத்தார்கள். காஷ்மீரத்துப் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு பல காலமாக அக்டோபர், நவம்பரில் முடிந்துவிடும். பிறகு நீண்ட குளிர்கால விடுமுறை. நாடெங்கும் ஒரே ஆண்டு என்று சொல்லி 2022-இல் அதை மார்ச்சுக்கு மாற்றினார்கள். 2024-இல் ஒன்பதாம் வகுப்பு வரை மறுபடி பழைய மாதத்துக்கே கொண்டுவந்தார்கள். பள்ளிக்கு அவ்வளவு செய்யலாம். ஆனால் மேற்படிப்புக்கு வெளியே வருகிற பிள்ளை என்ன செய்வான்? பொறியியற் படிப்புக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வின் முதற் சுற்று பெரும்பாலும் ஜனவரியில், நம்மைப்போல் எம்.எஸ்ஸி. சேருவோர் எழுதும் 'ஜாம்' பிப்ரவரியில்; 'கேட்' பிப்ரவரியில். மூன்றும் சில்லைக் கணக்குக்குள் அடக்கம். தேர்வு நாளைக் குறிக்கும்போது தீபாவளி பார்க்கிறோம், பொங்கல் பார்க்கிறோம், வேண்டியதுதான். சில்லை கலான் எந்தச் சுவர் நாட்காட்டியிலும் அச்சடிக்கப்படுவதில்லை.

இதை நம் சங்கக் கூட்டத்தில் பேசியபோது மூன்று மறுப்புகள் வந்தன.

"2025 ஜூன் 6 முதல்தான் ஸ்ரீநகருக்கு ரயிலே வந்துவிட்டதே!" என்றார் ஒருவர். வந்தது, மகிழ்ச்சி. செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் பாலம் போட்டவர்களை நானும் வணங்குகிறேன். ஆனால் ரயில் நண்பரின் வீட்டு வாசலுக்கு வராது. நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 50 கி.மீ. பனி கிடக்கும். அன்றியும் விமானமும் சாலையும் ஒருசேர நின்ற நாளில் அந்த ஒரு ரயிலில் எத்தனை பேர் ஏறுவது? காஷ்மீரம் ஒன்றுதானா மலை? லாஹௌலிலும் சிக்கிமிலும் தவாங்கிலும் இருந்து இங்கே மாணாக்கர் இல்லையா? அடல் சுரங்கப்பாதை 2020-இலேயே திறந்தாயிற்று. சுரங்கத்தின் உள்ளே பனி இல்லை, உண்மை. இரு வாயிலுக்கும் போகும் சாலையில் சரிவு விழுகிறதே!

"எல்லாரும் பனி பனி என்று புளுகத் தொடங்கிவிடுவார்கள்" என்றார் இன்னொருவர். எனக்குச் சிரிப்பு வந்தது. காய்ச்சலைப் பொய்யாகச் சொல்லலாம். அதற்குத்தான் விதி இடம் தருகிறது. நெடுஞ்சாலை அடைபட்டதைப் பொய்யாகச் சொல்ல முடியுமா? போக்குவரத்துக் காவல்துறை நாள்தோறும் வழியின் நிலையை அறிவிக்கிறது. விமானம் நின்றால் பயணிக்குச் செய்தி வருகிறது. மறுநாள் தாளில் படத்தோடு வருகிறது. மூன்று காரணங்களுக்கும் இல்லாத சாட்சி நாலாவதற்கு உண்டு.

மூன்றாவது மறுப்பே கடினமானது. "பனி விழும் என்று தெரிந்தவன் முன்னாடியே வந்திருக்க வேண்டாமா?" எவ்வளவு முன்னாடி? டிசம்பர் 21-லிருந்து எழுபது நாளில் எந்த நாளும் வரலாம், ஒரு நாளும் வராமலும் போகலாம். 2018-இல் போல் நவம்பரிலேயே வரலாம். தவறாமல் தேர்வுக்கு வந்து சேர ஒரே வழி, குளிர்காலத்தில் வீட்டுக்கே போகாமல் இருப்பது. அதைத்தான் நண்பர் செய்தார். 2025 டிசம்பர் முழுவதும் அவர் விடுதியில் இருந்தார். எழுத்துத் தேர்வு முடிந்த அன்று எல்லாரும் பெட்டி கட்டினோம். அவர் ஜன்னலோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தந்தையாரின் மற்றொரு கண்ணுக்குச் சிகிச்சை அந்த மாதம்தான். தங்கை கூடப் போனாள். பழைய செய்முறைத் தேர்வை எழுதி முடித்தார், நல்ல மதிப்பெண்ணும் பெற்றார். ஆனால் நிலுவைத் தாள் உள்ளவர் விண்ணப்பிக்கக் கூடாது என்ற நிபந்தனையால் இரண்டு ஆராய்ச்சி இடங்களை அவர் இழந்தது இழந்ததுதான்.

நாங்கள் கேட்பது பெரிதன்று. விதிப்புத்தகத்தில் அந்த மூன்று காரணங்களுக்கும் கீழே நாலாவதாக ஒரு வரி: பனியாலோ, மண்சரிவாலோ, வெள்ளத்தாலோ வழி அடைபட்டதாக அரசு அறிவிப்பு இருந்தால், முப்பது நாளுக்குள் செய்முறைத் தேர்வு மறுபடி நடத்தப்படும். வெள்ளத்தையும் சேர்த்தது என் யோசனை. விழுப்புரத்துக்காரனும் அந்த வரியில் நிற்கட்டும் என்று. இதற்கு அசாம் மாணவர்களும் லடாக் மாணவர்களும் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். நம் சங்கத்திலிருந்து இதுவரை பதினொரு பெயர். கூட்டத்துக்கு வந்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது.

தாள், சங்க அறையில் கேரம் பலகைக்கு மேலே சுவரில் தொங்குகிறது. பேனாவையும் நூலில் கட்டி வைத்திருக்கிறேன். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறோம். நண்பர் மட்டும் அதில் கையொப்பமிட மறுத்துவிட்டார். தமக்காகக் கேட்பதாக ஆகிவிடுமாம்.